அரிசிமணி அளவில் ஒரு சில்லு

திருநெல்வேலி ஜங்ஷனில் செல்போன் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றில், நுண்ணோக்கியின் கீழ் ஒரு போர்டைப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் கிடைத்தது. வெறும் கண்ணுக்குத் தூசியாகத் தெரிந்தவை அங்கே நடவு முடிந்த வயலின் நாற்றுகளைப் போல வரிசை பிடித்து நின்றன. அவற்றில் பல, ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும்தான். இதற்குள் வேண்டாத ஒன்றை யாராவது ஒட்டி வைத்திருந்தால் தெரியுமா என்று கேட்டேன். "கூடுதலா ஒண்ணு இருக்குன்னு எப்பிடி அண்ணாச்சி கண்டுபிடிக்கது? என்னென்ன இருக்கணும்னு மொதல்ல தெரிஞ்சிருக்கணும்லா" என்றார் கடைக்காரர், தலையை நிமிர்த்தாமலே.

இதே கேள்வியை உலக அளவில் எழுப்பியது, 2018 அக்டோபர் 4 அன்று புளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழில் வந்த ஒரு செய்தி. சூப்பர்மைக்ரோ என்ற அமெரிக்க நிறுவனத்துக்காகச் சீனாவில் தயாரான சர்வர் (இணையச் சேவைகளை இயக்கும் கணினி) மதர்போர்டுகளில், வடிவமைப்பிலேயே இல்லாத, அரிசிமணி அளவுள்ள ஒரு சில்லை (சிப்) சீன ராணுவத்தின் ஆட்கள் பொருத்தச் செய்தார்கள் என்றும், ஆப்பிள், அமேசான் உட்பட ஏறத்தாழ 30 நிறுவனங்களை அது எட்டியது என்றும் அச்செய்தி கூறியது. சூப்பர்மைக்ரோ, ஆப்பிள், அமேசான் மூன்றும் திட்டவட்டமாக மறுத்தன. ஆயினும் சூப்பர்மைக்ரோவின் பங்கு விலை ஒரே நாளில் சுமார் 40 விழுக்காடு சரிந்தது.

இவ்வளவு சிறிய பொருளால் என்ன செய்துவிட முடியும் என்பதை அறிய, சர்வருக்குள் இருக்கும் இன்னொரு கணினியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர், சுருக்கமாக பி.எம்.சி., என்பது அதன் பெயர். எங்கோ இருக்கும் நிர்வாகி சர்வரை அணைக்கவும், இயக்கவும், அதன் இயங்குதளத்தையே மாற்றி நிறுவவும் உதவுவது இதுதான். சர்வர் அணைந்திருந்தாலும் மின்கம்பி செருகியிருக்கும்வரை இது விழித்திருக்கும். இதற்கான நிரல் மின்சாரம் போனாலும் அழியாத தனியொரு ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. நிரலைப் படிக்கும் பாதையோ எஸ்.பி.ஐ. எனப்படும் ஒரு சில கம்பிகள் மட்டுமே. அவற்றில் தரவு வரும் கம்பியின் நடுவில், மின்னலைகளைச் சீராக்குவதற்காக, சிறிய ரெசிஸ்டர் ஒன்று இருப்பது வழக்கம்.

2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த, கணினிப் பாதுகாப்பு ஆர்வலர்கள் கூடும் கேயாஸ் மாநாட்டில் டிராமெல் ஹட்சன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியது இந்த இடத்தைத்தான். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அதே தோற்றத்தில் ஒரு சில்லை வைத்தால், கடந்துபோகும் தரவை அது கேட்கலாம், ஓரளவு மாற்றவும் செய்யலாம். தாமிரபரணிக் கால்வாய்களில் மடை பார்த்தவர்களுக்கு அந்த 'ஓரளவு' எளிதில் விளங்கும். மடைப்பலகையை இறக்கி ஓடுகிற தண்ணீரை நிறுத்தலாமே தவிர, வராத தண்ணீரைப் பலகையால் வரவழைக்க முடியாது. அதுபோலவே இந்தச் சில்லு 1 என்று வருவதை 0 ஆக்கலாம்; 0 என்று வருவதை 1 ஆக்க இயலாது. அப்படியானால் எதை எழுத முடியும்? ஃப்ளாஷ் நினைவகத்தில் எதுவும் எழுதப்படாத பகுதி முழுவதும் 1 என்றே படிக்கப்படும். அதாவது அங்கே கால்வாய் கரை தொட்டு ஓடுகிறது. வேண்டிய கணத்தில் மடையை அடைத்து அடைத்துத் திறந்தால், நினைத்த வரியை அந்த வெற்றிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் எந்த நொடியில் எந்தப் பகுதி படிக்கப்படுகிறது என்பதை, வேறு கம்பி எதுவும் இல்லாமல், கடந்துபோகும் தரவை வைத்தே சில்லு கணித்தாக வேண்டும். ஒரு பிட் தவறினாலும் நிரல் கெட்டுவிடலாம்.

மறு ஆண்டில் மான்டா எல்கின்ஸ் என்ற மற்றொருவர், ஏறத்தாழ 200 டாலர் செலவிலான கருவிகளைக் கொண்டு, நெட்வொர்க் பாதுகாப்புக்கான சிஸ்கோ ஃபயர்வால் ஒன்றில் சிறு சில்லைப் பற்றவைத்துக் காட்டினார். ஆக, செய்ய முடியுமா என்ற கேள்வி அத்தோடு முடிந்தது.

செய்தார்களா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதே இந்தச் சர்ச்சையின் பெரும்பகுதி என்பது என் கருத்து. செய்தியில் பெயருடன் இடம்பெற்ற வன்பொருள் வல்லுநர் ஜோ ஃபிட்ஸ்பேட்ரிக், தாம் கோட்பாடாக விளக்கியவையே நடந்த நிகழ்வாக அச்சில் வந்தது கண்டு சங்கடப்பட்டதாகப் பின்னர் கூறினார். நிறுவனங்களின் மறுப்பைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்று பிரிட்டனின் சைபர் பாதுகாப்பு மையமும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் தெரிவித்தன. வெளியார் நடத்திய சோதனையில் எதுவும் அகப்படவில்லை என்று 2018 டிசம்பரில் சூப்பர்மைக்ரோ அறிவித்தது. புளூம்பெர்க் செய்தியைத் திரும்பப் பெறவில்லை. 2021 பிப்ரவரியில் அதை விரித்தும் எழுதியது.

மறுப்பு மட்டுமே உண்மையைத் தீர்மானிப்பதில்லை என்பதை நம் மாவட்டத்துக்காரர்கள் அறிவார்கள். 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் சைபர் தாக்குதல் பற்றிய தகவலைப் பொய் என்றது. மறுநாளே, நிர்வாகப் பிரிவின் கணினி ஒன்றில் தீநிரல் (கெடுதல் செய்யும் மென்பொருள்) கண்டறியப்பட்டது உண்மைதான் என்று, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அங்கே ஆய்வாளர்கள் பிரித்துப் பார்க்கத் தீநிரலின் மாதிரி கையில் இருந்தது. சூப்பர்மைக்ரோ விவகாரத்திலோ, இதுதான் அந்தப் போர்டு என்று ஒன்றுகூடப் பொதுவெளியில் வைக்கப்படவில்லை. தொழிற்சாலையிலேயே சில்லைச் சேர்த்தால், வெளியேறும் ஒவ்வொரு போர்டும் ஒரு சாட்சியாகிவிடும். மூல வரைபடம் கையில் இருக்கும் எவராலும் எக்ஸ்-கதிர்ப் படத்தை அதனோடு ஒப்பிட முடியும். ஒரே ஒரு பெட்டியை வழியில் மறித்துத் திறப்பது உளவாளிக்கு அதைவிடப் பாதுகாப்பானது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. ஏற்றுமதிச் சரக்குகளை அவ்வாறு செய்ததைக் காட்டும் ஆவணமும் புகைப்படமும் 2014-இல் வெளிவந்தன.

இதற்கெல்லாம் தனிச் சில்லு தேவைதானா என்றும் கேட்கலாம். ஃப்ளாஷுக்குள் இருக்கும் நிரலையே, அல்லது பின்னால் நிறுவும் டிரைவரையே (ஒரு வன்பொருளை இயக்க உதவும் மென்பொருள்) மாற்றினால் போதும். 2016-இல் தன் ஆய்வகத்திலிருந்த சூப்பர்மைக்ரோ சர்வர் ஒன்றில் தீநிரல் கலந்த டிரைவரைக் கண்டதாக ஆப்பிளே தன் மறுப்பில் குறிப்பிட்டிருக்கிறது. அத்தகைய போர்டை ஜங்ஷன் கடையின் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், வரைபடத்தில் இருக்கும் அத்தனையும் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கும்.