நிறம் கைவிடும் பருவம்: வார்ப்ளர்களை வாலடியில் தேடுங்கள்

மே மாதத்தில் பிளாக்போல் வார்ப்ளர் என்ற வட அமெரிக்கச் சிறு பறவையின் ஆணை அடையாளம் காணப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், விலாவில் கறுப்புக் கோடுகள். பே-பிரெஸ்டட் வார்ப்ளர் ஆணும் அப்படித்தான்: கறுப்பு முகம், உச்சந்தலையிலும் தொண்டையிலும் விலாவிலும் செம்பழுப்பு. செப்டம்பரில் இவை கனடாவின் ஊசியிலைக் காடுகளிலிருந்து தெற்கே கிளம்பும்போது பார்த்தால், இரண்டும் வெளிறிய பச்சை, இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை. பைன் வார்ப்ளரும் அதே சாயலில் வந்து குழப்பத்தில் சேர்ந்துகொள்ளும். (நம்மூருக்குக் குளிர்காலத்தில் வரும் இலைக் கதிர்க்குருவிகள் வேறு குடும்பம். அவை இன்னொரு தலைவலி.)

வளர்ந்து முடிந்த இறகு உயிரற்ற பொருள். அதன் நிறத்தைப் பறவையால் மாற்ற முடியாது, இறகையேதான் மாற்ற வேண்டும். குஞ்சு பொரித்து வளர்த்த பிறகு, பயணத்துக்கு முன்பே, பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. துணை தேடும் வேலை முடிந்துவிட்டதால் அவை மங்கலாகவே முளைக்கின்றன. வசந்தம் நெருங்கும்போது தலை, உடல் இறகுகள் மட்டும் மறுபடி மாறும். இலையுதிர்கால வரவில் அந்த ஆண்டுப் பிறந்த இளம்பறவைகளும் ஏராளம். அவை இன்னும் பளிச்சென்று ஆனதே இல்லை.

பலரும் இறக்கைப் பட்டையில் கண்ணை வைக்கிறார்கள். மூன்றுக்கும் அது உண்டு என்பதால் பயனில்லை. நான் வாலடியில்தான் தொடங்கச் சொல்வேன். பறவை உச்சிக்கிளையில் இருக்கும், நாம் கீழே நிற்போம், தெரிவதே வயிறும் வாலடியும்தான். வால் தொடங்கும் இடத்தின் அடிப்பகுதி தூய வெள்ளையாக இருந்தால் பிளாக்போல், சந்தன நிறம் ஏறியிருந்தால் பே-பிரெஸ்டட். அப்புறம் மார்பு: பிளாக்போலுக்கு மங்கலான கோடுகள் இருக்கும், மற்றதற்குக் கோடு கிடையாது, விலாவில் சில சமயம் செம்பழுப்பு லேசாக எஞ்சியிருக்கும். அடுத்தது பாதம். பிளாக்போலின் கால் கறுத்திருந்தாலும் விரல்கள் மஞ்சள். பே-பிரெஸ்டடுக்குக் காலும் பாதமும் கருமை.

பைன் வார்ப்ளருக்கும் வாலடி வெள்ளைதான். ஆனால் முதுகில் கோடே இருக்காது. அலகு தடித்தது, வாலும் நீளம்.

இறக்கை நுனியையும் கவனியுங்கள். பிளாக்போலுக்கு அது நீண்டு நிற்கும், வால் குட்டையாகத் தெரியும். காரணம் அதன் பயணம். சுமார் 12 கிராம் எடையுள்ள இந்தப் பறவை வட அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து அட்லாண்டிக் கடலுக்கு மேல் கிளம்பி, இரண்டு மூன்று நாள் இறங்காமல் பறந்து கரீபியன் தீவுகளை அடைகிறது. முதுகில் சிறு கருவி கட்டி இதை உறுதிசெய்த ஆய்வு 2015-இல் வெளியானது. பறந்த தூரம் 2,200 கி.மீ.க்கும் மேல். பைன் வார்ப்ளரோ அமெரிக்காவின் தென்கிழக்கிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாத பறவைகள் உண்டு. பறவை பார்ப்போர் தாம் கண்டதைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் 'பே-பிரெஸ்டட் அல்லது பிளாக்போல்' என்று குறிக்கவே தனி வாய்ப்பு வைத்திருக்கிறார்கள்.