பருவத்தின் முதல் பனி ஏன் இவ்வளவு பலவீனமானது?

பனிக்காலம் தொடங்கிய முதல் சில வாரங்களில் மலைச்சரிவுகளில் முழங்கால் அளவுகூடப் பனி சேர்ந்திருக்காது. பாறைகளும் காய்ந்த புல்லும் ஆங்காங்கே தலைகாட்டும். இவ்வளவு கொஞ்சம் பனியா சரிந்து ஆளை விழுங்கப்போகிறது என்றுதான் தோன்றும். ஆனால் பனி குறைவாக இருப்பதே அதைப் பலவீனமாக்குகிறது.

பனி மூடிய பிறகும் தரையில் கோடையின் வெப்பம் மிச்சமிருக்கும். அதனால் பனியின் அடிப்பகுதி பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ, மேகமில்லாத இரவுகளில் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மேற்பரப்பு மைனஸ் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பனியின் ஆழம் 2 மீட்டர் என்றால் மீட்டருக்கு 6 டிகிரிதான் வேறுபாடு. அதே குளிரில் ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால் மீட்டருக்கு 30 டிகிரி!

மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரியைத் தாண்டினாலே பனிக்குள் நீராவி கீழிருந்து மேலே விறுவிறுவென்று நகரத் தொடங்கும். கீழே உள்ள படிகங்களிலிருந்து கிளம்பும் ஆவி, மேலே உள்ள குளிர்ந்த படிகங்களில் படியும். அப்படி வளரும் படிகங்களுக்குத் தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் உண்டு. தரையை ஒட்டியவை நாளடைவில் கிண்ண வடிவம்கூடப் பெறும். இவை ஒன்றோடொன்று பிணையாது. கையில் அள்ளினால் சர்க்கரை போல விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். ஆழமான பனியிலோ மணிகள் மெல்ல உருண்டு, தொடும் இடங்களில் ஒட்டி இறுகுகின்றன.

இது எல்லாச் சரிவிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வெயில் படும் பக்கங்களில் முதல் பனி உருகிப் போய்விடும். நிழல் விழும் உயரமான சரிவுகளில், அதாவது வடகோளத்தில் வடக்கு நோக்கியவற்றில், அது தங்கி உதிரியாகிறது. ஸ்கீ ஓட்டத் துடிப்பவர்கள் பருவத் தொடக்கத்தில் பனியைத் தேடிப் போவதும் அதே சரிவுகளுக்குத்தான். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பொருத்தம்தான்.

உதிரிப் பனி தனியாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அதன்மேல் ஒரு பெரும்புயல் கனமான, இறுகிய பனியைக் கொட்டும்போதுதான் நிலைமை மாறும். காற்று மட்டுமே, மலையின் காற்று படாத மறைவுப் பக்கத்தில், வானிலிருந்து விழுவதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் பனியைக் குவிக்கக்கூடும். அப்போது ஒரு ஆளின் எடை போதும். அடியிலுள்ள அடுக்கு நொறுங்கி, 'உம்ப்' என்ற அடங்கிய ஓசையோடு விரிசல் சரிவெங்கும் ஓடும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவென்றால் மேலடுக்கு முழுவதும் பலகையாகப் பெயர்ந்து வரும். சரிவின் மேல் நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை. அடிவாரத்துச் சமதளத்தில் நடந்தே மேலே உள்ளதை இழுத்துவிட முடியும்.

பருவத் தொடக்கத்தில் சிறிய பனிச்சரிவும் கொடியது. பனியில் ஆள் முழுதாகப் புதையாவிட்டாலும், மெல்லிய பனிக்குக் கீழே காத்திருக்கும் பாறைகள்மீதும் மரக்கட்டைகள்மீதும் மோதி எலும்பு முறியும், தலையில் அடிபடும். பல இடங்களில் பனிச்சரிவு முன்னறிவிப்பு மையங்கள் தினசரி அறிக்கையை இன்னும் தொடங்கியிருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அங்கே போகிறவர்கள் தாங்களே தோண்டிப் பார்க்க வேண்டும். தரைவரை ஒரு குழி வெட்டினால், மேலே கெட்டி, அடியில் உதிரி என்ற அமைப்பு கண்ணுக்கே தெரியும். அது தெரிந்தாலோ, உம்ப் ஓசை கேட்டாலோ, 30 டிகிரிக்குக் குறைந்த சாய்வுகளிலேயே, மேலே செங்குத்துச் சரிவு இல்லாத இடத்தில் இருங்கள். பீக்கன் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் ஆய்வுக்கோல், தோண்ட மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

முன்னால் போனவர்களின் தடங்களைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாறையை ஒட்டிய இடங்களில் மேலடுக்கு மெலிந்திருக்கும், அடியடுக்கு இன்னும் நொய்ந்திருக்கும். ஐந்து பேர் தப்பிக் கடந்த சரிவை, அந்த ஒரு இடத்தில் கால் வைக்கும் ஆறாவது ஆள் உடைத்துவிடலாம்.