பிளாட் ரேஷியோ: ஃபிளாட் வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல

கேஎல்-ல காலி நிலத்து வேலியில பெரிய நோட்டீஸ் போர்டு மாட்டியிருப்பாங்க, பாத்திருப்பீங்க. டெவலப்பர் என்ன கட்டப் போறாரு, எத்தன மாடி, எத்தன யூனிட்டுன்னு மலாய்ல வரிசையா போட்டுட்டு நடுவுல ‘நிஸ்பா பிளாட் 1:8’னு ஒரு வரி இருக்கும். செந்தூல், செத்தாப்பாக் பக்கம் நம்மாளுங்க பல பேரு இத பாத்துட்டு எட்டு புளோக் ஃபிளாட் வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நம்ம ஊர்ல பிளாட்டுன்னு சொன்னாலே அஞ்சு மாடி ஃபிளாட் வீடுதான கண்ணு முன்னாடி வரும்.

இங்க பிளாட்டுன்னா இங்கிலீஷ் plot, அதாவது மனை, நிலத்துண்டு. நிஸ்பா அரபுலேர்ந்து மலாய்க்கு வந்த சொல்லு, ஒண்ணுக்கு ஒண்ணு எவ்ளோன்னு சொல்ற விகிதம். இங்கிலீஷ்ல அதத்தான் ரேஷியோங்கிறாங்க, அது லத்தீன்ல கணக்குன்னு அர்த்தம் வர்ற சொல்லு. ஆக ஒரு கட்டடத்துல எல்லா மாடியோட தரையையும் கூட்டி, அது நிக்கிற நிலத்தோட அளவால வகுத்தா வர்றதுதான் பிளாட் ரேஷியோ. மாடி எண்ணிக்கைக்கும் இதுக்கும் நேரடி தொடர்பு கிடையாது. 1:8-ன்னா நிலம் முழுக்க பரப்பி எட்டு மாடியும் கட்டலாம், நிலத்துல கால்வாசி இடத்துல மட்டும் ஒசரமா முப்பத்திரண்டு மாடியும் கட்டலாம், ரெண்டும் ஒரே கணக்குதான்.

இந்த எண்ணம் பொறந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. 1915-ல நியூயார்க்ல ஈக்விட்டபிள் பில்டிங் கட்டி முடிச்சாங்க, ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் கம்மியான நிலத்துல சுமார் 12 லட்சம் சதுர அடி, கணக்கு போட்டா கிட்டத்தட்ட 1:30. அக்கம்பக்கத்து தெருவுக்கெல்லாம் வெயிலே போச்சு, மறு வருஷமே அந்த ஊர்ல கட்டட வடிவத்துக்கு சட்டம் வந்துச்சு. லண்டன்ல போருக்கு அப்புறம் 1947 நகரத் திட்டத்துல அத வரைஞ்ச ஹோல்ஃபோர்டும் ஹோல்டனும் பிளாட் ரேஷியோவ கொண்டு வந்தாங்க. அந்த பிரிட்டிஷ் பழக்கம்தான் நம்ம பக்கமும் ஒட்டிக்கிச்சு.

இப்ப நம்ம நோட்டீஸ் போர்டுக்கு வருவோம். ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. 1:4 குடுத்தா 174,240 சதுர அடி கட்டலாம். காரிடார், லிஃப்ட், படிக்கட்டுன்னு அஞ்சுல ஒரு பங்க கழிச்சிட்டு வீட்டுக்கு 800 சதுர அடின்னு வச்சா 174 வீடு வரும். அதே நிலத்துக்கு 1:8 குடுத்தா 348 வீடு. போர்டுல மாறுறது ஒரே ஒரு நம்பர், ஆனா தெருவுல குடிவர்ற சனம் ரெண்டு மடங்கு. மலேசியாவுல சாக்கடைக் குழாய் டிசைன் பண்றவங்க ஒரு வீட்டுக்கு 5 ஆள்னு எடுத்துக்கிட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர்னு கணக்கு வைப்பாங்க. அப்ப 174 வீட்டுக்கு ஒரு நாளைக்கு 195,750 லிட்டர், 348 வீட்டுக்கு 391,500 லிட்டர். எல்லாம் அதே ஒரு ஏக்கர்லேர்ந்து, ஒத்த மாடி வீடுங்களுக்குன்னு எப்பவோ போட்ட குழாய்ல போய் சேரணும். அதனாலதான் நான் இத வெறும் கட்டட சமாச்சாரம்னு நெனைக்கிறதில்ல, இந்த ஊருக்கு எத்தன பேரு வரப் போறாங்க, அவங்களுக்குத் தண்ணி, ரோடு, ஸ்கூல் எங்கேர்ந்து வரும்னு தீர்மானிக்கிற நம்பர் இது.

இன்னொண்ணு, பொதுவா கார் பார்க் மாடிங்கள இந்தக் கணக்குல சேக்க மாட்டாங்க. அடியில ஆறேழு மாடி வெறும் கார் நிக்கிற கொண்டோங்க இங்க இவ்ளோ இருக்கே, அதுக்கு இதுவும் ஒரு காரணம். எல்ஆர்டி, எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கம் ரேஷியோ கூட்டிக் குடுக்குறது நல்ல யோசனதான், சனம் நடந்தே ரயிலுக்குப் போகும்னு நம்பித்தான் குடுக்குறாங்க, ஆனா அங்கயும் வீட்டுக்கு ரெண்டு பார்க்கிங் கட்டுனா நடக்குறவங்க எத்தன பேரு இருப்பாங்க?

2020 கணக்கெடுப்புல 243 சதுர கிலோமீட்டர் கேஎல்-ல கிட்டத்தட்ட 2 மில்லியன் பேரு. ஊரு எப்படி வளரணும்னு முன்கூட்டியே போட்டு வைக்கிற 2040-க்கான கட்டமைப்புத் திட்டத்துல 2.35 மில்லியன்னு வச்சிருக்காங்க. நிலம் வளரப் போறதில்ல, அதனால கூடுற சனம் முழுக்க இந்த மாதிரி நம்பருங்க வழியாத்தான் ஊருக்குள்ள வந்தாகணும். ரேஷியோவோட கூடப்பொறந்தது அடர்த்தி, அதாவது ஏக்கருக்கு எத்தன பேருங்கிறது. கேஎல்-ல தாமான் ரிம்பா கியாரா வழக்குல அதுவும் பேச்சுல வந்துச்சு, பூங்கான்னு குறிச்ச இடத்துல ஏக்கருக்கு 979 பேருன்னு அனுமதி குடுத்திருந்தாங்க. அத ரத்து பண்ணுனது சரிதான்னு 2023 ஏப்ரல்ல கூட்டரசு நீதிமன்றம் உறுதி பண்ணி, கட்டமைப்புத் திட்டத்த டத்தோ பண்டார், அதாவது மேயர், தன் இஷ்டத்துக்கு ஒதுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அப்படி ரத்தான அந்தக் கட்டடத் திட்டத்துலதான் புக்கிட் கியாரா எஸ்டேட்ல பால் வெட்டுன நம்ம குடும்பங்களுக்கான வீடும் இருந்துச்சு, 80கள்லேர்ந்து லயத்து வீட்லயே காத்திருக்கிற சனம். பூங்காவும் வேணும், அவங்களுக்கு வீடும் வேணும், ஒண்ணக் காட்டி இன்னொண்ண மறுக்குறது எனக்கு ஏத்துக்க முடியல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? சில பேரு ‘மனை விகிதம்’னு எழுதுறாங்க, வார்த்தைக்கு வார்த்தை சரி, ஆனா படிக்கிறவங்களுக்கு மனைக்கும் எதுக்கும் விகிதம்னே புரியாது. தமிழ்நாட்டு அரசு விதிகள்ல ‘தளப்பரப்புக் குறியீடு’ன்னு வரும், சாதாரண கட்டடத்துக்கு அங்க 2 தான். அது நல்ல சொல்லு, என்னத்த அளக்குறோம்னு சொல்லிடுது. நான் குறியீடுங்கிறத மட்டும் மாத்தி ‘தளப்பரப்பு விகிதம்’னு சொல்வேன், நம்ம போர்டுல இருக்கிற 1:8-க்கு அது நேராப் பொருந்தும். மொத்தத் தளப்பரப்புன்னு தனியா கேட்டா அது போர்டுல ‘லுவாஸ் லந்தாய் காசார்’. ஆட்சேபணை லெட்டர் மலாய்ல எழுதும்போது நிஸ்பா பிளாட்டுன்னே போடுங்க, ருக்குன் தெதாங்கா கூட்டத்துல நம்ம பாட்டிமாருக்கு எடுத்துச் சொல்லும்போது தளப்பரப்பு விகிதம்னு சொல்லி அந்த ஒரு ஏக்கர் கணக்கையும் போட்டுக் காட்டுங்க.