தோற்கவே விடாத விளையாட்டு

போன மாதம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா, பதினோராம் வகுப்பு படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) "ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்துக்கிறான் சார். செல்லைப் பிடுங்கினா சோத்துத் தட்டைத் தூக்கி அடிக்கிறான். அப்படி என்னதான் இருக்குதோ அதுல" என்றார். தருமபுரியில் உளவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போன ஒன்று. அந்த "என்னதான் இருக்குது" என்ற கேள்வியை மட்டும் நான் எப்போதும் பிள்ளையிடமே கேட்டுவிடுவேன். "எப்படி ஆடுறேன்னு காட்டு தம்பி, நானும் பார்க்கிறேன்" என்றேன்.

தயங்கித் தயங்கி செல்லை மேசைமேல் வைத்தான். தங்க நிறக் கவசம் போட்ட ஒரு வீரன், முதுகில் அவன் உயரத்துக்கு ஒரு வாள். பையன் ஒரு பொத்தானைத் தொட்டான், அவ்வளவுதான், வீரன் தானாக ஓட ஆரம்பித்தான். ஊர் வாசலைத் தாண்டி, பாலத்தைக் கடந்து, காட்டுக்குள் போய், அங்கே நின்றிருந்த ஏதோ ஒரு மிருகத்தை வெட்டி, அடுத்ததையும் வெட்டி, திரும்பி வந்து யாரோ ஒரு கிழவரிடம் கூலி வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பினான். பையன் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாக ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரல் மட்டும் போய் அதைத் தொட்டுவிட்டு வந்தது.

"இதுல நீ என்ன கண்ணு பண்றே?" என்று அம்மாதான் முதலில் கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. ஆட்டோல போட்டா அதுவா போகும்."

அதுவாகப் போகிற ஆட்டத்துக்கு இவன் ஏன் ராத்திரி எழுந்து உட்கார வேண்டும்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெற்றோர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களைப் பற்றி இல்லை, ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடுவதைப் பற்றியும் இல்லை (அதற்கு 2025-இல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது). ஆயிரக்கணக்கான பேர் ஒரே கற்பனை உலகத்துக்குள் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, சண்டை போட்டு, பொருள் சேர்த்து, லெவல் ஏற்றிக்கொண்டே போகும் விளையாட்டுகள் இவை. எம்எம்ஓ என்பார்கள். இந்த வகை ஆட்டங்கள் ரொம்ப எளிதாகிவிட்டன, யார் வேண்டுமானாலும் பொழுதுபோக்காகத் தட்டிவிட்டுப் போகலாம் என்றாகிவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் புலம்புவார்கள். அது அவர்களுடைய ருசி சம்பந்தப்பட்ட சண்டை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எளிதாக்கியதுதான் இந்தப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

ஆரம்ப காலத்தில் இவை எவ்வளவு கடுமையாக இருந்தன என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஊர் எல்லையைத் தாண்டினால் இன்னொரு ஆட்டக்காரர் உங்களைக் கொன்று, கையில் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம். 1999-இல் வந்த எவர்குவெஸ்டில் செத்துப்போனால் உடல் செத்த இடத்திலேயே கிடக்கும், ஆயுதம் கவசம் எல்லாம் அதன்மேலேயே இருக்கும். வெறுங்கையோடு திரும்ப அங்கே ஓடித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சேர்த்த அனுபவப் புள்ளிகளும் குறையும், சில நேரம் லெவலே ஒன்று இறங்கிவிடும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004-ஆம் வருடக் கடைசியில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது, செத்தால் ஆவியாக ஓடிவந்து உடம்பை எடுத்துக்கொண்டால் போதும், புள்ளி எதுவும் குறையாது என்று வைத்தார்கள். அன்றைக்கே "இதெல்லாம் ஒரு ஆட்டமா" என்று பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். 2009 டிசம்பரில் அதிலேயே, கூட்டுச் சேர ஆள் தேடி அலைய வேண்டாம், பொத்தானை அழுத்தினால் எந்தெந்த சர்வரில் இருப்பவர்களையோ கணினியே சேர்த்துக் கொடுத்துவிடும் என்ற வசதி வந்தது. 2011-இல் ரெய்டுகளுக்கும், அதாவது பலர் கூட்டாகச் சேர்ந்து பெரிய எதிரியைத் தாக்கும் சண்டைகளுக்கும், அதே வசதி. அப்புறம் செல்போனுக்கு வந்தார்கள். 2016 டிசம்பரில் கொரியாவில் வெளியான லினேஜ் 2 ரெவல்யூஷன் மாதிரியான ஆட்டங்களில் ஓடுவதையும் வெட்டுவதையும் ஆட்டமே செய்துகொள்ளும்.

நானும் ஆடியவன்தான். பெங்களூரில் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ராக்னராக் ஆன்லைன் ஆடியிருக்கிறேன். அதில் அடி வாங்கி உயிர் குறைந்துவிட்டால் உங்கள் ஆள் தரையில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால்தான் உயிர் சீக்கிரம் ஏறும். சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேச வேண்டியதுதான். எந்த ஊர், என்ன படிக்கிறாய், அந்தக் குகைக்குள் போக வைத்தியம் தெரிந்த ஆள் கிடைப்பானா என்று அப்படித்தான் பேச்சு தொடங்கும். செத்தால் புள்ளி போய்விடும் என்கிற பயம் இருந்ததால் நம்பகமான ஆள் வேண்டியிருந்தது, நம்பகமான ஆள் வேண்டியிருந்ததால் நாமும் நம்பகமாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டத்தை எடுத்தபோது இதுவும் கூடவே போய்விட்டது. ஆட்டத்துக்குள் ஆட்டக்காரர்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் குழுவை கில்டு என்பார்கள். அந்தப் பையனிடம், "உன் கில்டில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். நாற்பது பேர் என்றான். "ஒருத்தன் பேராவது, ஊராவது தெரியுமா?" தெரியாது என்றான். ஒரு வருடமாக அதே நாற்பது பேரோடு இருக்கிறான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இது கூடுதலாக வலிக்கிற விஷயம். ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடும் குடும்பங்கள் இங்கே நிறைய. மூன்று நான்கு வருடம் கழித்து லீவுக்கு வரும்போது தெருவில் அவனுக்குக் கூட்டாளி என்று யாரும் மிஞ்சுவதில்லை. இருக்கிற ஒரே கூட்டம் அந்த கில்டு. அங்கேயும் பேச்சுத்துணை இல்லை என்றால் பிள்ளை எங்கே போவான்?

பழைய ஆட்டங்கள் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. எவர்குவெஸ்டை அந்தக் காலத்திலேயே ஆங்கிலத்தில் போதை மருந்தின் பெயரோடு ஒட்டி "எவர்கிராக்" என்றுதான் கூப்பிட்டார்கள், வேலையை விட்டவர்களும் உண்டு. எளிமை எல்லாமே கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். ஓசூரில் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடும் ஆளுக்கு, கணினியே கூட்டுச் சேர்த்துக் கொடுப்பது பெரிய உதவி. மிஷினில் கை மாட்டி இரண்டு விரலை இழந்த ஒருவர், ஆட்டோ பொத்தான் இருப்பதால்தான் மறுபடி நண்பர்களோடு ஆட முடிகிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அவரிடம் போய் அது ஆட்டமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கஷ்டத்தை எடுத்த இடத்தில் எதை வைத்தார்கள் என்று பாருங்கள். திறமை வேண்டாம், யோசனை வேண்டாம், தினமும் வந்து தலையைக் காட்டினால் போதும். இன்றைய வேலை ஏழு, வாரத்து வேலை ஐந்து, தொடர்ந்து இருபத்தெட்டு நாள் உள்ளே வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து. சாயங்காலம் ஆடுமாடு பிடித்துக் கட்டுவது மாதிரி, முடித்தே ஆக வேண்டிய வேலையாக அதை மாற்றிவிட்டார்கள். ஒன்றரை மணி விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆசிய சர்வர்கள் பலவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகும் சீன நேரத்தில் ஓடுகின்றன. அங்கே விடியற்காலை 4 மணிக்குப் புது நாள் பிறக்கும் என்று வைத்திருந்தால், நம் கடிகாரத்தில் அது இரவு 1.30. பழைய நாளின் வேலையை முடிக்காமல் விட்டவன் அதற்கு முன்னால் எழுந்து முடிக்க வேண்டும், புது நாளின் பரிசை முதலில் வாங்க நினைப்பவன் அந்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பையன் அலாரம் வைத்து எழுந்தது இதற்குத்தான், அம்மாவுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

இதோடு பெட்டி திறக்கும் சமாச்சாரம் ஒன்று. காசு கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எது வரும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் குப்பை, எப்போதாவது பொக்கிஷம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத கூலிக்குத்தான் புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் போன நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். பெல்ஜியம் 2018-இல் இப்படிப்பட்ட பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நம் வீடுகளில் இது அப்பாவின் யுபிஐ வழியாக எழுபது, நூறு என்று கசிந்துகொண்டிருக்கிறது.

மாற்றி யோசித்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வார்கிராஃப்டில் ஆட்டத்தை மூடிவிட்டு சத்திரத்தில் உங்கள் ஆளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கொஞ்ச நேரத்துக்கு எதிரியை வீழ்த்தும் புள்ளி இரண்டு மடங்காகக் கிடைக்கும். எழுந்து போனவனுக்குக் கூலி கொடுக்கிற ஏற்பாடு அது. எழுந்து போனால் அபராதம் என்கிற ஏற்பாட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் தாத்தா கோயில் மண்டபத்துக் கல்லில் ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி அடைபட்டால் ஆட்டம் முடிந்தது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். தோற்கிற ஆட்டத்தில் எழுவதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஆட்டோவில் ஓடும் வீரன் தோற்பதே இல்லை, அதனால் எழுவதற்கான இடமும் வருவதில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? செல்லைப் பிடுங்கி உடைப்பது வேண்டாம். அந்த வீட்டில் அதைச் செய்து பார்த்தார்கள், பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் வேறு செல்லில் அதே கணக்கைத் திறந்தான். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். திட்டாமல், "இதுல ஒரு நாள் விட்டா என்ன ஆகும்? தோத்தா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நீளமான பதிலும் இரண்டாவதற்கு "தோக்கறதே இல்ல" என்ற பதிலும் வந்தால், எந்த மாதிரி ஆட்டம் என்று உங்களுக்கே புரிந்துவிடும். அறிவிப்புகளை நிறுத்துங்கள், பணம் கட்டும் வழியை எடுத்துவிடுங்கள், ராத்திரியில் செல் பெற்றோர் அறையில் இருக்கட்டும். என் அனுபவத்தில் தூக்கம் சரியானாலே பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது.

எல்லாப் பிள்ளைக்கும் நோய்ப் பெயர் ஒட்டவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தும் கட்டுப்பாடு கையில் இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிவிடுவது, படிப்பும் உடம்பும் உறவும் கெடுவது தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது. அப்படித் தோன்றினால் தள்ளிப்போடாமல் வாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம்தான், இந்தப் பிரச்சினைக்கென்றே அங்கே 2014-இல் ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள்.

அந்தப் பையன் இப்போது முழுதாக விட்டுவிட்டானா என்றால், இல்லை. ஓசூரில் பாலிடெக்னிக் படிக்கும் அவன் மாமா பையன், தானே கையால் ஆட வேண்டிய வேறு ஒரு ஆட்டத்தைக் காட்டிக் கொடுத்து, ராத்திரி எட்டரைக்கு மேல் இருவருமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். போன வாரம் அம்மா போன் செய்தார். "இன்னமும் ஆடுறான் சார், என்ன பண்றது?" என்று குறைப்பட்டுக்கொண்டார். எப்போது நிறுத்துகிறான் என்று கேட்டேன்.

"நேத்து ஒரே ராட்சசன்கிட்ட நாலு தடவை தோத்துட்டானாம். ஒன்பதரைக்கு, 'போம்மா, நாளைக்குப் பார்த்துக்கறேன்'னு செல்லை அலமாரி மேல வெச்சுட்டுப் படுத்துட்டான்."

"ஒன்றரை மணிக்கு எழுந்தானா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லைங்க சார், எழலை" என்றார்.