திரையில் உறைந்து நின்ற 62

மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை. தை மாதக் கடைசி, சம்பா அறுவடை மும்முரமாக இருந்த நேரம். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் உச்சியில் உள்ள பேரிங்கின் சூட்டைக் கவனிக்க வயர்லெஸ் சென்சார் பொருத்தியிருந்தார்கள். இரவு ஷிஃப்டில் திரை 62 டிகிரி காட்டியது. பத்து நிமிடம் கழித்தும் 62, அரை மணி கழித்தும் 62. கிரீஸ் வைக்க மேலே ஏறிய தொழிலாளி கருகல் வாடை பிடித்து, இறங்கி ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார். காலையில் நான் போய்ப் பார்த்தபோது பேரிங் நீலம் பாய்ந்து கிடந்தது. பெல்ட்டின் ஓரம் தீய்ந்திருந்தது. உமித்தூசி மிதக்கும் மூடிய எலிவேட்டருக்குள் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

"திரையில் ஒன்றும் சிவப்பாக வரவில்லையே சார்" என்றார் ஆபரேட்டர். அவர் மீது தவறில்லை. சிக்னல் அறுந்த பிறகும், கடைசியாக வந்த எண்ணையே திரை பிடித்து வைத்திருந்தது.

சென்சாரின் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்பும் பழைய கம்பி இணைப்பில் இந்த ஆபத்து குறைவு. அளவு மிகக் குறைவாக இருந்தாலும் 4 மில்லி ஆம்பியர் ஓடும். கம்பி அறுந்தால் சுழியம் ஆகிவிடும். அறுந்ததை அந்தக் கம்பியே சொல்லிவிடுகிறது. வயர்லெஸ் தானாகச் சொல்லாது. சொல்லும்படி நாம்தான் அமைக்க வேண்டும். இத்தனை நொடி செய்தி வராவிட்டால் எண்ணை அழித்து மணி அடிக்கச் செய்யும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. நான் பார்த்த ஆலைகளில் பாதிக்கு மேல் அதைத் தொட்டதே இல்லை. இது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

சிக்னல் ஏன் அறுந்தது? சென்சாரைப் பொருத்தியது ஆடி மாதம், கிடங்கு காலியாக இருந்தபோது. தையில் நெல் மூட்டைகளைக் கூரை உயரத்துக்கு அட்டி போட்டுவிட்டார்கள். 17 சதவீத ஈரம் என்றால் நூறு கிலோ நெல்லில் 17 கிலோ தண்ணீர். இந்தச் சென்சார்கள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறத்தாழ இதே அலைவரிசையில்தான். ஆக, ஆண்டெனாவுக்கு முன்னால் ஒரு தண்ணீர்ச் சுவரையே எழுப்பியிருந்தார்கள். சோதனையை அறுவடைக் காலத்தில், கிடங்கு நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். தகரக் கூரையும் இரும்புக் குதிர்களும் அலையைத் திருப்பி அடிப்பதால், ஆண்டெனாவை ஒரு சாண் நகர்த்தினாலே சில சமயம் சிக்னல் திரும்பிவிடும். கேமராக்களின் வைஃபையும் இதே 2.4-இல் ஓடினால், அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் நெரிசலும் குறையும்.

வயர்லெஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலி கடித்த கேபிளையும் ஐப்பசி மழையில் நீர் நிறைந்த கேபிள் பள்ளத்தையும் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். வயர்லெஸ்ஹார்ட், ஐஎஸ்ஏ100 என்ற தொழிற்சாலை வயர்லெஸ் தரங்களில் வரும் கருவிகள் ஒன்றின் செய்தியை மற்றொன்று கைமாற்றி அனுப்பும். ஒரு பாதை அடைத்தால் வேறு பாதை. ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது இரண்டு அண்டைக் கருவிகளாவது எட்ட வேண்டும். செய்தியை 128 பிட் சாவியால், அதாவது ஒரு ரகசிய எண்ணால், பூட்டியே அனுப்பும். ஆனால் வாங்கும்போது வந்த சாவியை மாற்றாமல் விட்டால் அந்தப் பூட்டால் பயனில்லை.

கண்காணிப்புக்கு வயர்லெஸ் போதும். நிறுத்துவதற்கு, அதாவது அவசர நிறுத்தப் பொத்தானுக்கும் நீர்மட்டம் குறைந்தால் பாய்லரைத் தானாக நிறுத்தும் டிரிப்புக்கும், கம்பி இணைப்பே வேண்டும். சர்க்கரை ஆலையின் சாராய வடிப்புப் பகுதி, எரிவாயு நிலையம் போன்ற இடங்களில் அந்தச் சூழலுக்கெனச் சான்று பெற்ற கருவியைத் தவிர வேறெதையும், கைப்பேசியைக்கூட, உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

அந்த ஆலையில் ஆண்டெனாவை அட்டிக்கு மேலே ஏற்றினோம். பெல்ட் வேகம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைக் கம்பியில் இணைத்தோம். இரண்டு நிமிடம் செய்தி வராவிட்டால் மணி அடிக்கும். அடுத்த தையில் ஒருநாள் நள்ளிரவில் அது அடித்தது. சென்சாரின் பேட்டரி தீர்ந்திருந்தது. புதியதை மாட்டி எண் திரும்பி வரும்வரை அவர்கள் எலிவேட்டரை ஓட்டவில்லை.