மன அழுத்தமா, மனச்சோர்வா?

டிப்ரஷனுக்கு மன அழுத்தம் என்று முதலில் எழுதியவரை ஒருநாள் தண்டையார்பேட்டைக்குக் கூட்டிவர வேண்டும். போன வாரம் இங்கே ஒரு பால்வாடி வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள்: ‘குழந்தைகளின் மன அழுத்தம்: ஆரம்ப அறிகுறிகள்’. பேரனைக் கூட்டிப்போக வந்த ஆயா ஒருவர் அதை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். தலைப்பைத் தாண்டவில்லை. “இன்னா சார், நாலு வயசு புள்ளைக்குக்கூடவா பிரஷரு?” என்றார். ரத்த அழுத்தம் கேட்டுப் பழகிய காதில் வேறென்ன விழும்?

சொல்லின் கதை சின்னதுதான். லத்தீனில் ‘டெப்ரிமெரே’ என்றால் கீழே அமுக்குவது. அதனால் அழுத்தமே சரி என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆனால் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் இதே மன அழுத்தத்தைத்தானே போடுகிறீர்கள்? வாடகை பாக்கியால் வந்து, வாடகை கட்டியதும் போகிற சங்கதிக்கும், காரணம் தீர்ந்தும் விலகாத நோய்க்கும் ஒரே பெயரா?

அதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. தமிழில் அழுத்தக்காரப் பிள்ளை என்றால் யார்? உள்ளே இருப்பதை வெளியே விடாத பிடிவாதக்காரன். நோட்டீஸைக் கேட்டுக்கொண்டே ஆயாவும் பேரனைக் காட்டி அதையே சொன்னார்: “இவன் அழுத்தக்காரன்தான் சார், ரெண்டு போட்டாலும் வாயத் தொறக்க மாட்டான்.” நோயின் பெயரே அடிக்க வழி சொல்லிக் கொடுக்கிறது.

மனச்சோர்வு என்று போட்டிருந்தால் இந்த வம்பில்லை. சோர்வு என்றால் வாட்டம், தளர்ச்சி. பிள்ளைமேல் பழி வராது. குறை இல்லாமல் இல்லை: சிறுபிள்ளை எப்போதும் சோர்ந்து கிடக்காது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடே, சிறுவர்களிடம் துக்கத்துக்குப் பதிலாக எரிச்சல் தெரியலாம் என்கிறது. தொட்டதற்கெல்லாம் கத்தல், காலையானால் வயிற்றுவலி, உயிராக வைத்திருந்த பொம்மை கட்டிலடியில் கிடப்பது, தூக்கம் கெடுவது. ஒருநாள் என்றால் விடலாம். 2 வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

தம்பி பிறந்ததும் ஏங்கி இளைக்கும் மூத்ததைச் ‘சவலை பாஞ்சிருக்கு’ என்று கண்டுபிடித்துச் சொன்ன மொழி இது. சவலை வேறு, மனச்சோர்வு வேறு; ஆனால் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பிறந்த சொல் அது, அகராதியைப் பார்த்து அல்ல.

அந்த நோட்டீஸின் பின்பக்கத்தில் ஆட்டிசத்துக்கு ‘மன இறுக்கம்’ என்று போட்டிருந்தார்கள். அது தனி வழக்கு. ஆயாவுக்கு அதை நான் படித்துக் காட்டவில்லை.