இரண்டு நிமிடத்துக்கு ஒரு ‘டிக்’: ஐபேடுக்கும் கணினிக்கும் என்ன தகராறு?

“ஐபேடில் சிந்தசைசர் வாசித்து, யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியில் பதிவு செய்கிறேன். கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு சத்தம் விழுகிறது. கேபிளை மாற்றியும் போகவில்லை. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். துப்பு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கண்டபடி பொரியும் சத்தம் என்றால் கணினி மூச்சுத் திணறுகிறது என்று பொருள். ஒலித் தரவு சற்று நேரம் தங்கிப் போகும் இடமான பஃபரின் அளவைக் கூட்டினால் தீரும். முறை வைத்து விழுகிற சத்தம் என்றால் கடிகாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். இங்கே கடிகாரங்கள் இரண்டு.

அடிப்படையைச் சட்டென்று தாண்டிவிடுவோம். ஒலியலையின் உயரத்தை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக எழுதி வைத்தால் அது 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு. சிந்தசைசர் செயலி நேரடியாக இந்த எண்களைத்தான் உருவாக்குகிறது. மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு, 2015-ல் ஐஓஎஸ் 9 வந்ததிலிருந்து சார்ஜ் போடும் கேபிளே போதும். கேபிளைச் செருகி, மேக்கிலேயே இருக்கும் ‘ஆடியோ மிடி செட்டப்’ செயலியைத் திறந்து, ஐபேடுக்கு அருகில் உள்ள ‘எனேபிள்’ பொத்தானை அழுத்தினால் எண்கள் எண்களாகவே வந்து சேரும். பதிவு மென்பொருள் லாஜிக், ஏபிள்டன் லைவ், ரீப்பர் எதுவானாலும் உள்ளீடாக ஐபேடைத் தேர்ந்தெடுக்கலாம். 48,000 வேகத்தில் எழுதிய கோப்பை 44,100 என்று நினைத்து மென்பொருள் ஒலிக்கவிட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். ஐந்து கட்டையில் வாசித்தது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் போய் உட்காரும். ஆகவே புராஜெக்டைத் திறந்தவுடன் சாம்பிள் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதை, பாருங்கள்.

சரி, அந்த 48,000-ஐ எண்ணுவது யார்? ஒரு குவார்ட்ஸ் படிகச் சில்லு. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அது அசையும் என்பது இதன் மறுபக்கம். படிகத்தைக் குறிப்பிட்ட தடிமனில் சீவி மின்சுற்றில் வைத்தால் தனக்கென்று ஓர் அதிர்வெண்ணில் துடித்துக்கொண்டே இருக்கும். ஒலிக்கருவிகளில் அடிக்கடி காணப்படுவது 24.576 மெகாஹெர்ட்ஸ் படிகம். இந்த விசித்திரமான எண்ணை 512-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 48,000 வரும்.

ஆனால் ஒரே அச்சில் வார்த்ததுபோல இரண்டு படிகங்கள் அமைவதில்லை. சீவலில் நூலிழை வித்தியாசம், பக்கத்துச் சிப்பின் சூடு, படிகத்தின் வயது எல்லாம் சேர்ந்து, சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை விலகுவது சகஜம். காதுக்கு இது ஒன்றுமே இல்லை. ஓர் அரைச்சுரத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூடத் தேறாது. எண்களை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஊற்றும்போதுதான் வினை.

நடுவில் இருக்கும் பஃபரை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபேட் தன் கடிகாரப்படி ஊற்றுகிறது. கணினியோ ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் செருகியிருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் கடிகாரப்படி மொள்கிறது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் விநாடிக்கு 2.4 எண்கள் கூடுதலாகச் சேரும். தொட்டியில் 256 எண்களுக்கு இடம் மிச்சமிருந்தால் 107 விநாடியில் நிரம்பி வழியும். வழிந்த எண்கள் போனவைதான். அலை அந்த இடத்தில் அறுந்து ஒட்டிக்கொள்ள, காதில் ‘டிக்’. ஊற்றுவது குறைவாக இருந்தால் தொட்டி வறண்டு அதே சத்தம் வரும். வாசகர் சொன்ன ‘கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்’ இந்தக் கணக்குதான். சோதிக்க வேண்டுமா? பஃபரை 256-லிருந்து 512 ஆக்குங்கள். சத்தம் போகாமல் அதன் இடைவெளி மட்டும் நீண்டால் குற்றவாளி கடிகாரம்தான்.

தீர்வு அழகானது. ‘ஆடியோ மிடி செட்டப்’பில் கூட்டல் குறியை அழுத்தி, பல கருவிகளை ஒன்றாகக் காட்டும் ஓர் ‘அக்ரிகேட் டிவைஸ்’ உருவாக்குங்கள். ஐபேடையும் இன்டர்ஃபேஸையும் அதில் சேர்த்து, ‘க்ளாக் சோர்ஸ்’ இடத்தில் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, ஐபேட் வரிசையில் ‘டிரிஃப்ட் கரெக்‌ஷன்’ கட்டத்தை மட்டும் டிக் செய்யுங்கள். அதன்பின் மென்பொருள் தொட்டியின் மட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மட்டம் துளி ஏறினால், வந்த எண்களுக்கு ஊடாக ஒரு வளைகோடு வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து சற்றே அகலமான இடைவெளியில் புதிய எண்களை எடுத்துக்கொள்ளும்; அதாவது 48,002.4 எண்களை 48,000 ஆக்கிவிடும். எதுவும் அறுபடுவதில்லை. ஒவ்வொரு எண்ணும் மாறியிருக்கும், ஆனால் கேட்பவருக்கு எதுவுமே மாறியிருக்காது!

இதற்குப் போய்த் தங்க முலாம் பூசிய யூஎஸ்பி கேபிளை விற்பவர்கள் இருக்கிறார்கள். தாயத்து கட்டினாலும் இதே பலன்தான். இன்னொரு கூட்டம், நேரத்தைத் துல்லியமாக அளக்கும் ஆராய்ச்சிக்கு எதற்கு அரசுப் பணம் என்கிறது. இடம் காட்டுவதற்காக இந்தியா 2013-ல் ஏவிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளில் இறக்குமதி செய்த ருபிடியம் அணுக் கடிகாரங்கள் மூன்றும் பழுதாகி, இடம் காட்டுவதற்கே அது பயன்படாமல் போனது. 2023-ல் அதே வரிசையின் புதிய செயற்கைக்கோள் என்விஎஸ்-01 உள்நாட்டு ருபிடியம் கடிகாரத்தோடு போனது. கடிகாரத்துக்குச் செலவழிப்பது வீண் என்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும் என்பது என் கட்சி.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி, ஐபேடின் ஹெட்போன் துளையிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டுக்குக் கம்பி இழுப்பது. கம்பியில் வருவது எண் அல்ல, மின்னழுத்தம். அதற்கு மணி பார்க்கத் தெரியாது. இன்டர்ஃபேஸ் தன் கடிகாரப்படி புதிதாக அளந்துகொள்வதால் ‘டிக்’ எழவே வழியில்லை. இங்கே தவறுவது வேறிடத்தில். 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின்களாகப் பிரியும் கேபிள்தான் வேண்டும். ஸ்டீரியோ பின்னை அப்படியே ஒரே பேலன்ஸ்டு உள்ளீட்டில் (இரு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் உள்ளீடு) சொருகினால், அது இடது சானலிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் ஒன்றாக உள்ள முக்கிய ஒலி மறைந்து எதிரொலி மட்டும் மிஞ்சும். சார்ஜரைக் கழற்றியதும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நின்றால் பேட்டரியிலேயே வாசியுங்கள், அல்லது இரு கருவிகளின் மின் இணைப்பைப் பிரித்துவைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை நடுவில் வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால், ஒலியின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபெலைத் தொட்டால் போதும். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், ஆலாபனை நடுவே வாட்ஸ்அப் மணியை எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது. புளூடூத் ஹெட்போனும் வேண்டாம், விரலுக்கும் காதுக்கும் நடுவே 100 மில்லி விநாடிக்கு மேல் விழுந்துவிடும்.

ஒலியோடு மிடியையும், அதாவது எந்தச் சுரத்தை எப்போது எப்படித் தொட்டீர்கள் என்ற குறிப்பையும், தனி டிராக்கில் பதிவு செய்துவைப்பது நல்லது. பிறகு வேறு நாதத்துக்கு மாற்றலாம். மகேஷ் ராகவன் ஜியோஷ்ரெட் செயலியில் கர்நாடக இசை வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு, கண்ணாடித் திரையில் விரல் வழுக்கினால் கமகம் பிறக்கும் என்று தெரியும். அந்த வழுக்கலை மிடி ‘பிட்ச் பெண்ட்’ என்று 16,384 படிகளில் எழுதும். ஆனால் ஒரு படி எத்தனை சுரம் என்று அதில் எழுதப்படாது. முழு வழுக்கல் எத்தனை அரைச்சுரம் என்று சொல்லும் ‘பெண்ட் ரேஞ்ச்’ இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். செயலியில் 2, கணினியில் 48 என்றிருந்தால், சங்கராபரணத்தில் ரியிலிருந்து காந்தாரத்துக்கு இழுத்த இழுப்பு நான்கு ஸ்தாயி ஏறிவிடும். தலைகீழாக இருந்தால் கமகம் காதுக்கே எட்டாது.

ஐபேடிலேயே முழுக் கச்சேரியையும் பதிந்து, கணினியில் தனியாகப் பதிந்த மிருதங்கத்தோடு பிறகு சேர்ப்பவர்களுக்குக் கடிகாரத் தகராறு வேறு உருவில் வரும். பத்து லட்சத்தில் 50 பங்கு என்பது நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி. 40 நிமிடத்தில் 120. தொடக்கத்தில் பொருத்திவைத்த தாளம் தனியாவர்த்தனத்துக்குள் வெளிப்படையாகப் பிசகும். ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் இரு பதிவிலும் விழும்படி ஒரு தட்டு தட்டிவையுங்கள். முதல் தட்டுகளைப் பொருத்தி, கடைசித் தட்டுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளந்து, ஐபேட் டிராக்கை அந்த அளவுக்கு மட்டும் நீட்டுங்கள் அல்லது சுருக்குங்கள். 40 நிமிடத்துக்கு 0.005 சதவீதம்.